குளோரின் அண்ணனும் எங்கள் தாமான் நீச்சல்குளமும்

எங்கள் தாமானில் கடவுளுக்குப் பயப்படாதவர்கள் சிலர் இருந்தார்கள். குளோரின் அண்ணனுக்குப் பயப்படாத தலை ஒன்றுகூட இருந்ததில்லை.

தலை என்று நான் சொல்வது முடி முளைத்த தலையைத்தான். சிரம்பானிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய குடியிருப்புதான் எங்கள் தாமான். வீடு விற்றவர்கள் விளம்பரத்துக்காக ஒரு நீச்சல்குளத்தையும் கட்டி, குடியிருப்போர் சங்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சங்கத்தின் தலைவர் அண்ணன், ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பக்கத்தில் வந்தாலே குளத்து மருந்து வாடை அடித்ததால் எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

குளிக்க வருகிறவர் முதலில் அண்ணன் முன்னால் குனிய வேண்டும். அவர் தலையை முகர்ந்து பார்ப்பார்.

“எண்ணெய் வச்சிருக்கீங்க.”

“முந்தாநேத்து வச்சதுண்ணே.”

“நம்ம தேங்காயெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் போகாதும்மா. நாளைக்கு வாங்க லா.”

தீபாவளி வந்தால் குளத்துக்கு விடுமுறை. ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் யார் தலையை நம்புவது? கல்யாண விருந்தில் உட்கார்ந்திருப்பார். வெளியே கொஞ்சம் காற்று பலமாக அடித்தால் போதும், குளத்தில் இலை விழுந்திருக்கும் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார்.

ஒரு தடவை குளத்துத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வீட்டில் வைத்திருந்தார், லோபாக்கில் ஒரு கடையில் காட்டி மருந்தளவு கேட்பதற்காக. அவர் மனைவி மல்லிகா அக்கா அது குடிதண்ணீர் என்று நினைத்து ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அதைத்தான் ஊற்றிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு மடக்கு குடித்துவிட்டு, “தண்ணியில மருந்து வாடை வருதே” என்றார்.

அண்ணன் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். “ரொம்ப வாடையா, லேசா வாடையா? சரியாச் சொல்லுங்க சம்பந்தி.”

கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் இப்போது ஜொகூர் பாருவில் இருக்கிறாள்.

இவ்வளவு பாடுபட்ட மனிதருக்கு நீச்சல் தெரியாது. யாரும் குளத்தில் இறங்குவதும் இல்லை. ஆண்கள் அவருக்குக் குனிந்து அலுத்துப்போனார்கள். பெண்களுக்கு வெட்கம். கண்ணாடி மாதிரி தண்ணீர் கிடக்கும், பக்கத்தில் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

இதைச் சங்கக் கூட்டத்தில் போட்டு உடைத்தவர் உஸ்மான் பாய். சாலை முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டில் காடி, அதாவது கார், நிறுத்த இடமில்லை. உண்மையைச் சொன்னால் யார் வீட்டிலும் இல்லை. “குளத்த மூடிட்டு காடி நிப்பாட்ட எடம் பண்ணலாம்” என்றார் பாய். அண்ணன் மறுத்துப் பேச எழுந்ததும், பாய் குரலை உயர்த்தாமலே சொன்னார்: “யாரு குளிக்கிறா அண்ணே? நீங்கதான் யாரையும் எறங்க விடறதில்லையே.”

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுப்பு என்று முடிவானது.

மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கல்லூரியில் படித்த காலத்தில் நீச்சல் பழகியிருந்தேன்.

“டீச்சர், பொம்பளைங்களுக்கு நீச்சல் சொல்லித் தர முடியுமா? ஒரு ஆம்பள எட்டிப் பாக்காம நான் பாத்துக்குறேன்.”

“மூடினா மூடட்டுமே அண்ணே. உங்களுக்கும் வேலை மிச்சம்.”

அவர் செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்.

“எங்கம்மாவுக்குத் தோட்டத்துல புல்லு வெட்டுற வேல. ரப்பர் மரம் எல கொட்டுற மாசத்துல மட்டும் பெரிய தொர பங்களாவுக்குக் கூப்பிடுவாங்க. அங்க ஒரு குளம் இருந்துச்சி. மூங்கில்ல வல கட்டி எல அள்ளணும். ஒரு நாள் கால் வழுக்கி உள்ள விழுந்துட்டாங்க. அவங்களே ஏறி வந்துட்டாங்க, அடி ஒண்ணும் படல. மறுநாள் அந்தத் தண்ணிய மொத்தமா எறக்கிட்டு வேற தண்ணி விட்டாங்க. நடுவுல குளத்தத் தேய்ச்சுக் கழுவணும்ல, அதுக்கும் அம்மாவத்தான் கூப்பிட்டாங்க.”

நம் ஆட்கள் இறங்கின தண்ணீரை அழுக்கு என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே அவர் இத்தனை வருடம் காவல் இருந்திருக்கிறார். காவல் இருந்து இருந்து, நம் ஆட்களையே இறங்கவிடாமல் செய்துவிட்டார். பாய் சொன்ன பிறகு அது அவருக்கும் புரிந்திருந்தது. புரிந்ததால்தான் என் வாசலுக்கு வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண்கள் நேரம் என்று அறிவித்தோம். வேலியைச் சுற்றி, நாற்றுப் பண்ணையில் போடுகிற பச்சை வலையை அண்ணனே கட்டினார். வெளியே நாற்காலி போட்டு, குளத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். தலையை முகர்வதை விட்டுவிட்டார். அதற்குப் பதில் ஷவருக்குப் பக்கத்தில் பெரிய ஷாம்பு பாட்டில் ஒன்றை வைத்தார். அது காலியாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

முதலில் வந்தது மல்லிகா அக்கா. இரண்டாவதாக, யாரும் எதிர்பார்க்காத உஸ்மான் பாயின் மனைவி ஜமீலா அக்கா, முழுக்கை சட்டையும் தலைமுக்காடுமாக வந்து படியில் உட்கார்ந்தார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும், சிரிப்பு மட்டும் கேட்கும். மல்லிகா அக்கா முதல் தடவை தானாக மிதந்தபோது நான் வலைக்கு உள்ளே இருந்து சொன்னேன்.

“அண்ணே, அக்கா மிதக்குறாங்க.”

“காலு தரையில இல்லியா?”

“இல்லண்ணே.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தையும் துடைத்தார்.

பொதுக்கூட்டம் சங்க மண்டபத்தில் நடந்தது. அண்ணன் தலைவர் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பேசினால் குரல் உடைந்துவிடும் என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். உஸ்மான் பாய் எழுந்து தீர்மானத்தைப் படித்தார். பின் வரிசையிலிருந்து ஜமீலா அக்கா எழுந்தார்.

“குளத்த மூடுறவங்க மூடிக்கட்டும். அன்னையிலருந்து எங்க வீட்டுல அடுப்பு எரியாது. இவருக்குக் கடைச் சாப்பாடுதான்.”

தன் கடைச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று உஸ்மான் பாய்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மண்டபம் சிரித்து ஓய்வதற்குள் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஓட்டெடுப்புக்கே வேலையில்லாமல் போனது. கூட்டம் முடிந்ததும் அண்ணனிடம் வந்து, “ஆம்பளைங்களுக்கும் ஒரு நேரம் போடுங்க லா” என்றார். போட்டார்கள். இன்றைக்கும் அந்தக் குளம் இருக்கிறது.

முழங்கால் வலி அதிகமான பிறகு அண்ணனும் அக்காவும் மகளோடு இருக்க ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டார்கள். போன பள்ளி விடுமுறையில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். மகள் குடியிருக்கும் அடுக்குமாடியிலும் ஒரு குளம் உண்டு. அண்ணன் அங்கேதான் நாற்காலியில் இருந்தார்.

“இங்க ஆள் போட்டிருக்காங்கம்மா. நான் ஒண்ணும் சொல்றதில்ல. சும்மா பாத்துக்கிட்டு இருப்பேன்.”

குளத்தில் யாரும் இல்லை. வெயில் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

“தண்ணி நல்லாருக்கு” என்றார். “எறங்கிட்டுப் போயேன்.”

நான் மாற்றுத்துணி கொண்டுபோகவில்லை. இருந்தாலும் இறங்கினேன்.