விளக்கேற்றினால் துப்பும் யானை

பொழுதுபோக்குக்கு எலக்ட்ரானிக்ஸ் செய்கிறவனால் பொழுதும் போகும், கூட இருப்பவர்களின் நிம்மதியும் போகும். இரண்டாவதுதான் சீக்கிரம் போகும். நான் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன். டெபிட், கிரெடிட் தவிர வேறெதையும் முறையாகப் படித்ததில்லை. சாந்தினி சந்தையில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வாங்கி வந்தேன். (தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். யு.எஸ்.பி. வயரை லேப்டாப்பில் சொருகினால் அதிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.) அதில் ஒரு பொடி விளக்கை மினுக்கிக் காட்டிய அன்றிலிருந்து நான் ஒரு விஞ்ஞானி என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வேறு யாருக்கும் உறுதியாகவில்லை என்பதை நான் பொருட்படுத்தவில்லை.

அந்த வருஷம் நவராத்திரி முதல் நாள் சாயங்காலம், எங்கள் பவானிபூர் வீட்டுக்கு ஒரு குடும்பம் கொலு பார்க்க வருவதாக இருந்தது. கொலு என்பது பேச்சுக்கு. பார்க்க வந்தது என்னை. பெண்ணின் அப்பாவுக்கு சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் உத்தியோகம். பெண் வைதேகி எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கல்யாணத்தில் அவளைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. சாப்பாடு இறங்காத அளவுக்குப் பிடித்திருந்தது. அவள் வேண்டாமென்று சொல்லிவிடக் கூடாது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவளை எலக்ட்ரானிக்ஸால்தான் மயக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். (டாக்டருக்குப் படித்தவளாக இருந்திருந்தால் எனக்கு நானே ஆபரேஷன் செய்துகொண்டிருப்பேன்.)

திட்டம் இதுதான். கொலுப்படிக்குக் கீழே அம்மா போடும் பார்க்கில் ஒரு குளம். குளக்கரையில் ஒரு பிளாஸ்டிக் யானை. குளத்துக்குள் ஒரு சின்ன மோட்டார் பம்ப். வந்தவர்கள் குத்துவிளக்கை ஏற்றியதும் ஒரு சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும். உடனே மணி அடிக்கும், யானை நளினமாகத் தண்ணீர் தெளிக்கும். டியூப் லைட்டைப் பார்த்து சென்சார் ஏமாறக் கூடாதென்று, அதை ஒரு கறுப்புப் பேனா மூடிக்குள் பொருத்தி, தசாவதார பொம்மைகளுக்கு நடுவில் விளக்கைப் பார்த்தபடி செருகினேன். போர்டும் லேப்டாப்பும் படிக்கு அடியில், டிரங்குப் பெட்டிகளுக்கு இடையில் போயின. அதன் மேல் பலகை, பலகைமேல் வேட்டி, வேட்டிமேல் ஏழு படிக்கும் பொம்மைகள். ஸ்விட்ச் என்று தனியாக ஒன்றும் வைக்கவில்லை. விளக்கு ஏற்றினால் ஓடும், அணைத்தால் நிற்கும், அவ்வளவுதானே.

மணியைத் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தேன். பம்பையும் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

வந்தார்கள். வைதேகியின் அப்பா கஞ்சி போட்ட சட்டையில் குளத்துக்கு நேர் எதிரே பாயில் உட்கார்ந்தார். பக்கத்து ஃப்ளாட் வங்காளி மாமியும் (நாங்கள் மாஷிமா என்போம்) வந்து உட்கார்ந்தாள்.

"நீயே விளக்கை ஏத்தும்மா," என்றாள் அம்மா.

வைதேகி ஏற்றினாள். மணி "டிங்" என்றது. யானை வைதேகியின் அப்பாவுடைய சட்டைப்பையில் துப்பியது. எல்லாம் நின்றது. மறுபடி டிங். மூக்குக்கண்ணாடியில் துப்பியது. நின்றது. டிங். சுண்டல் தட்டில் துப்பியது.

நடந்தது என்னவென்றால், லேப்டாப்பின் யு.எஸ்.பி. கொடுப்பதோ அரை ஆம்பியர். மோட்டார் கிளம்பும்போது அதைவிட அதிகமாகக் கேட்கும். அந்த இழுப்பில் என் போர்டு மயக்கம் போட்டு விழுந்தது. மோட்டார் நின்றதும் தெளிந்து எழுந்தது. எழுந்தவனுக்குப் பழசு ஒன்றும் ஞாபகமில்லை. எதிரே விளக்கு எரிகிறது. அட, விருந்தாளிகள் என்று முதலிலிருந்து ஆரம்பித்தது.

"கீ ஷுந்தோர்," என்று மாஷிமா கைதட்டினாள். ரொம்ப அழகாம். தெருமுனைப் பூஜைப் பந்தலில்கூட இப்படி ஒன்று போட்டதில்லையாம்.

"போறும்டா, நிறுத்து," என்றாள் அம்மா, சிரித்த முகம் மாறாமல், பல்லைக் கடித்தபடி.

என் அப்பா ஓடிப்போய் மெயினையே இறக்கிவிட்டார். வீடு இருண்டது, ஃபேன் நின்றது, யானை நிற்கவில்லை. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. இருட்டில் விளக்கு இன்னும் ஜோராகத் தெரிந்தது. இருட்டிலும் யானை குறி தவறவில்லை.

லேப்டாப்பைப் பிடுங்கலாமென்று வேட்டியை நான் தூக்கியபோது முதல் படிப் பொம்மைச் செட்டியார் ஆடினார். "விஜயதசமி வரைக்கும் பொம்மையை அசைக்கப்படாது, தெரியுமோல்லியோ," என்றாள் அம்மா. சரியென்று விளக்கை அணைக்கக் குனிந்தேன். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

"அவ ஏத்தின விளக்குடா. அதை அணைப்பியா?"

எனக்கு அழுகை வந்தது. பார்க்க வந்த அன்று பெண் ஏற்றிய விளக்கை அணைத்தால் சம்பந்தம் போயிற்று. அணைக்காவிட்டால் மாமனார் முழுசாக நனைந்து, அப்படியும் சம்பந்தம் போயிற்று. டிங்.

"எதைப் பார்த்து ஓடறது இது?" என்று வைதேகி கேட்டாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"விளக்கைப் பார்த்து."

"மோட்டாருக்குத் தனி சப்ளை?"

"இல்லை."

"டயோடாவது போட்டிருக்கேளா?"

"எதுக்கு?"

அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பேனா மூடியைக் கண்டுபிடித்தாள். வந்தவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டு ஒரு உருண்டை எடுத்து, ஒரு பொம்மையும் அசையாமல் கையை நீட்டி, மூடியின் வாயில் அப்பினாள். கைப்பழக்கத்தில் அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். யானை நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஷேஷ் ஹொயே கேலோ?" என்றாள் மாஷிமா. அதற்குள் முடிந்துவிட்டதே என்று அவளுக்கு வருத்தம்.

அவர்கள் கிளம்பும்போது வைதேகியின் அப்பாவுக்கு என் சட்டை ஒன்றைக் கொடுத்தோம். பொத்தான் போடவில்லை, போட முடியவில்லை. நான் இரண்டு நாள் அலுவலகம் போகாமல் போர்வைக்குள் கிடந்தேன்.

விஜயதசமிக்கு மறுநாள் போன் வந்தது. சம்மதமாம். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளிடம் கேட்டேன், அவ்வளவு கூத்துக்கு அப்புறமும் எப்படிச் சரியென்றாய் என்று.

"எப்படி நிறுத்தறதுன்னு தெரிஞ்சுடுத்து. மத்ததெல்லாம் பழகிக்கலாம்னு தோணித்து," என்றாள்.

இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். இப்போதும் வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் எதையாவது விளக்க ஆரம்பித்து, அது முடியாமல் போய்க்கொண்டே இருந்தால், என் பெண் உள்ளே போய் சந்தனக் கிண்ணத்தோடு வருவாள். என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவாள். நானும் நிறுத்திவிடுவேன்.