அமெரிக்காவைக் குணப்படுத்திய என் கணவர்

"இஞ்சருங்கோ, என்ரை கழுத்திலை ஏதோ தட்டுப்படுது."

"கொஞ்சம் பொறும். அமெரிக்காவிலை நாலரைக் கோடிச் சனத்துக்குக் காப்புறுதி இல்லை."

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுக் கோடையில், கனடாவில் எங்கள் குசினியில் நடந்த இந்த உரையாடலைப் பொன்னெழுத்துக்களில் பொறிக்க வேண்டும். ஒரு மனிதர் தன் வீட்டுத் துன்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, அண்டை நாட்டின் துன்பத்தைத் தலையில் தூக்கிக்கொண்ட மகத்தான தருணம் அது. அவர் என் கணவர் விமலநாதன். அந்த ஓரத்தில் இருந்தவள் நான், சிவநேசம்.

அமெரிக்காவைப் பற்றிக் கருத்துச் சொல்ல அவருக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் உண்டு. அவர் டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றுபவர். நியூயோர்க் போகும் பெட்டிகளைத் தினமும் தன் கையால் தூக்குகிறார். அந்த நாட்டின் பாரம் எவ்வளவு என்று அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? தவிரவும், எல்லை தாண்டிப் பிளட்ஸ்பேர்க்குக்கு ஒருமுறை போய், மலிவு விலையில் பாலும் பெற்றோலும் வாங்கி வந்திருக்கிறார். அந்தப் பயணத்தை அவர் 'கள ஆய்வு' என்றுதான் குறிப்பிடுவார்.

ரொறன்ரோவிலிருந்து வரும் தமிழ் வானொலியில், நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சிக்கு அந்தக் கோடை முழுவதும் ஒரே தலைப்பு: 'அமெரிக்க மருத்துவச் சீர்திருத்தம்: எங்கள் ஆலோசனை.' அமெரிக்கா கேட்டதா என்பது வேறு விஷயம். கேட்காமலே கொடுப்பதுதான் கொடை.

மாலை வேலையால் வந்ததும் அவர் குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிவார். வானொலிக்கு எதற்குச் சட்டை என்று கேட்டேன். உடுப்பு ஒழுங்காக இருந்தால்தான் கருத்தும் ஒழுங்காக வருமாம். பிறகு தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு லைனில் நிற்பார். கோப்பி ஆறும், சோறு ஆறும், அவர் அசைய மாட்டார். வரிசையில் நிற்கத் தெரிந்தவன்தான் உண்மையான கனடியன் என்பது அவருடைய கொள்கை.

அந்தக் கொள்கையில் நம்பிக்கை வைத்துத்தான், கிளினிக் வரிசைக்கும் என்னோடு வரும்படி கேட்டேன். விடியமுன் போய் நிற்க வேண்டும், எங்கள் ஊரில் எல்லாம் பிரெஞ்சு, எனக்கு அது வராது. முதல் நாள் அவருக்கு நித்திரை போதவில்லை. அடுத்த தடவை, அன்று மாலை 'முதியோர் காப்புறுதி' பற்றிப் பேச இருந்ததால் தொண்டையை விடியற்குளிரில் காட்டக் கூடாது என்றார். என் தொண்டைக்குக் கருத்து ஒன்றும் இல்லாததால் நான் தனியாகப் போனேன்.

அங்கே ஓர் இளம் டொக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இதை விடக் கூடாது, உங்கள் குடும்ப டொக்டரிடம் காட்டுங்கள், மிச்சத்தை அவர் பார்ப்பார் என்று அரை ஆங்கிலத்தில் சொன்னார். எங்களுக்குக் குடும்ப டொக்டர் இல்லை, ஒருவரும் புது ஆட்களை எடுக்கிறார்களில்லை என்றேன். அவர் மிகுந்த அனுதாபத்தோடு புன்னகைத்து, "போன் ஷான்ஸ்" என்றார். அதிர்ஷ்டம் உண்டாகட்டும் என்று அர்த்தமாம். ஒரு சதமும் வாங்கவில்லை.

இதுதான் எங்கள் நாட்டின் பெருமை. இங்கே மருத்துவம் இலவசம். மருத்துவர்தான் இல்லை.

முற்றாக இல்லை என்று சொன்னால் பாவம். பக்கத்துப் புரோசார்ட்டில் வசிக்கும் மரியதாசனிடம் ஒருவர் இருக்கிறார். மரியதாசனுக்கு இரண்டு மாடி வீடு உண்டு, புதுக் கார் உண்டு; ஆனால் கல்யாண மண்டபத்தில் அவர் நுழையும்போது சனம் விலகி வழிவிடுவது அதற்காக இல்லை. "டொக்டர் வைச்சிருக்கிறவர்" என்று குசுகுசுப்பார்கள். தெரிந்தவர்களுக்காக அவர் வாயைத் திறந்து கேட்டால், அந்த டொக்டர் இடைக்கிடை ஒருவரை எடுப்பதும் உண்டாம்.

கேட்கலாம்தான். ஆனால் மரியதாசன், காசுள்ளவனுக்குத் தனியார் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அதே வானொலியில் பேசுகிறவர். என் கணவரின் பரம எதிரி.

"மரியதாசனிட்டையோ?" என்றார் அவர், நான் பயந்து பயந்து சொன்னபோது. "என்ரை மனிசிக்கு டொக்டர் இல்லையெண்டு அவனுக்குத் தெரிஞ்சா, அண்டைக்கே ரேடியோவிலை சொல்லிப்போடுவான். பேந்து என்ரை கருத்துக்கு என்ன மரியாதை? அமெரிக்கா என்ன நினைக்கும்?"

அமெரிக்கா என்ன நினைக்கும் என்று நானும் யோசித்தேன். அதற்குள் கழுத்தில் மிளகளவு இருந்தது கடலையளவாகி, நெல்லிக்காயளவுக்கு வந்துவிட்டது. கோயிலில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, ஸ்காஃப் கட்டும்படி அவரே ஒன்று வாங்கி வந்தார். நல்ல நீல நிறம். ஆவணி வெயிலில், கருத்துச் சுதந்திரத்தைக் காப்பதற்காக நான் கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

கடைசி நிகழ்ச்சி வந்தது. விமலநாதனும் மரியதாசனும் ஒரே நேரத்தில் லைனில் மோதும் 'இறுதி விவாதம்.' பேசும்போது வீட்டு வானொலியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இரையும். ஆகவே தன் குரல் எப்படி எடுபடுகிறது என்று கவனிக்க, அதே லைனில் குசினியில் இருக்கும் மற்றத் தொலைபேசியை எடுத்து, வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு கேட்கும்படி எனக்குப் பணித்தார். அந்தப் பதவியை நான் பணிவோடு ஏற்றேன்.

மரியதாசன் சுருக்கமாகத்தான் பேசினார். இங்கே சனம் டொக்டர் இல்லாமல் அலைகிறதே, அதற்கு உங்கள் பதில் என்ன என்று கேட்டார்.

என் கணவர் செருமிக்கொண்டார். வரவேற்பறையில் அவர் சட்டைக் கொலரைச் சரிசெய்தது குசினியிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"பொய். சுத்தப் பொய். அமெரிக்காவிலை இருக்கிற உறவுகள் கேளுங்கோ. இஞ்சை ஒரு பொம்பிளைக்கு வருத்தமெண்டா, அவ ஒருத்தரிட்டையும் கையேந்தத் தேவையில்லை. வேறை ஆரும் வேண்டாம், என்ரை மனிசியையே எடுங்கோ. அவவுக்கு என்ன குறை?"

என்னை எடுக்கச் சொல்லிவிட்டார். நான் வாய்ப்பக்கத்திலிருந்து கையை எடுத்தேன். ஸ்காஃபையும் கழற்றிக் குசினி மேசையில் வைத்தேன்.

"வணக்கம். நான் விமலநாதன்ரை மனிசி கதைக்கிறன்."

வரவேற்பறையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "சிவநேசம், போனை வையும்," என்றார் என் கணவர். அது ஒருமுறை வீட்டுக்குள்ளாலும் ஒருமுறை ரொறன்ரோவாலும் என் காதில் விழுந்தது. நிகழ்ச்சி நடத்தும் கீர்த்திகன் நல்ல மரியாதையான பிள்ளை. "அக்கா, நீங்கள் கதைக்கிறது சந்தோசம். ஆனா இண்டையான் தலைப்பு அமெரிக்கா எல்லே?" என்றார்.

"ஓம் தம்பி. அமெரிக்காவை இவர் சுகப்படுத்திப் போட்டார். இனி என்ரை முறை. மரியதாசன் அண்ணை, லைனிலை நிக்கிறியளோ? எனக்குக் கழுத்திலை ஒரு கட்டி இருக்கு, காட்டுறதுக்கு டொக்டர் இல்லை. உங்கடை டொக்டர் என்னையும் எடுப்பாரோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."