நடுக்கோர்ட்டில் ஒரு தூது

வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளையாகப் பிறப்பதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாமல் போய்விட்டால் தபால்காரர் உத்தியோகம் நமக்குத்தான். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

எழுபதுகளின் ஆரம்பத்தில் நாங்கள் மந்தைவெளியில் குடியிருந்தோம். என் மாமா கல்யாணத்தில் அப்பாவை முதல் பந்திக்கு யாரும் கூப்பிடவில்லை. (இரண்டாம் பந்தியிலும் அதே பாயசம்தான். அதை யார் அவரிடம் சொல்வது?) வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் பிறந்த வீட்டைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். அன்றோடு அம்மா அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தி.நகர் ஜவுளிக் கடையில் நாள் முழுக்க "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்று புடவை விரித்துப் போடும் அப்பாவும் வீட்டில் மௌனவிரதம்.

"செல்வி, உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு."

அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

"அப்பா, அம்மா சாப்பிட வரச் சொல்றாங்க."

"பசிக்கலன்னு சொல்லு."

"அம்மா, பசிக்கலயாம்."

நடுவில் வரும் திட்டுகளை மட்டும் நான் தணிக்கை செய்துவிடுவேன். நாளடைவில், அம்மா "உங்கப்பாவ" என்று ஆரம்பித்தாலே போதும், தூக்கத்தில்கூட என் கழுத்து அப்பா பக்கம் திரும்பும்.

இந்த லட்சணத்தில் பள்ளிக்கூடப் பூப்பந்து அணியில் வேறு இருந்தேன். மஞ்சள் கம்பளிப் பந்தை மட்டையால் அடிக்கும் ஆட்டம், பக்கத்துக்கு ஐந்து பேர். என் சிநேகிதி அமுதாதான் கேப்டன். சைதாப்பேட்டை ஆற்றோரத்துக் குடிசையிலிருந்து வருவாள். அம்மா இல்லை. அப்பா குடித்துவிட்டு எங்கே கிடப்பார் என்று அவளுக்கே தெரியாது. "வூட்ல தனியா கீறதுக்கு கிரவுண்டுலயே குந்திகினு இருக்கலாம்டி" என்பாள். எனக்கும் வீட்டுக்குப் போக ஒன்றும் அவசரமில்லை. இருட்டும் வரை ஆடி ஆடியே இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம்.

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. கோப்பையோடு போய் நின்றால், என்னைப் பற்றியாவது இருவரும் நேராக ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள். "பாத்தியா, நம்ம பொண்ணு" என்றால் போதும், வேறெதுவும் வேண்டாம். அதற்காகவே இரண்டு பேரையும் தனித்தனியாகக் கெஞ்சி அடையாறு மைதானத்துக்கு வரவழைத்தேன்.

வந்தார்கள். கோர்ட்டின் இந்தப் பக்கம் வேப்பமர நிழலில் அம்மா. எதிர்ப்பக்கம் உச்சி வெயிலில் அப்பா. நடுவில் நான். (வீட்டு ஏற்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை.)

கடைசி ஆட்டம். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை எங்களுக்கு. எதிரணியும் எங்களை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. பந்து உயர எழும்பி என்னைப் பார்த்து வருகிறது. "உன்னுதுடி செல்வி, அடி!" என்று அமுதா கத்துகிறாள். அந்த நேரம் பார்த்து அம்மாவின் குரல்:

"செல்வி, உங்கப்பாவ நிழலுக்கு வரச் சொல்லு. தலவலி வந்துரும்."

அவ்வளவுதான். மட்டையைத் தொங்கப்போட்டுவிட்டுத் திரும்பினேன்.

"அப்பா, அம்மா உங்கள நிழலுக்கு வரச் சொல்றாங்க!"

பந்து என் உச்சந்தலையில் விழுந்து உருண்டது. மைதானமே கொல்லென்று சிரித்தது.

அதோடு விட்டதா? அடுத்த பந்து வரும்போது அப்பா, "பரவால்லன்னு சொல்லு" என்றார். நானும் கர்மசிரத்தையாக இந்தப் பக்கம் திரும்பி, "பரவால்லயாம்மா!" என்றேன். அதுவும் போயிற்று. அப்புறம் அடுத்த தூது எந்தப் பக்கமிருந்து வருமோ என்று பார்த்துக்கொண்டிருந்ததில் மட்டைக்கு ஒரு பந்துகூட அகப்படவில்லை. தோற்றோம்.

அமுதா என்னைத்தான் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். மட்டையோடு நேரே அப்பாவிடம் போனாள்.

"இன்னா நைனா நீ! எதிர்லயே குந்திகினு கீறாங்க, நீயே பேசினா இன்னா? பந்து வர்சொல்லோதான் இவளத் தூது அனுப்புவியா? எங்கூட்ல பேசறதுக்கு ஆளே இல்ல. உங்கூட்ல ரெண்டு பேரும் இருந்துகினு இப்பிடி வேஸ்ட்டு பண்றீங்களே!"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அதற்கு முன்பே வந்திருந்தது.

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, கோர்ட்டுக்குக் குறுக்கே நடந்து வேப்பமரத்தடிக்குப் போனார். பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டு பிள்ளைங்களும் அழுவுதுங்க. தண்ணி வச்சிருக்கியா?" என்று அம்மாவிடமே கேட்டார்.

"இருக்கு" என்றாள் அம்மா. கூஜாவைத் திறந்தவள், "மொதல்ல நீங்க குடிங்க. மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில், யாரால் தோற்றது என்று இரண்டு பேருக்கும் நேருக்கு நேர் சண்டை. மந்தைவெளி வரை ஓயவில்லை. அத்தனை இனிமையான சண்டையை நான் அதற்கப்புறம் கேட்டதே இல்லை. அமுதாவையும் அம்மா விடாமல் கூட்டி வந்து சோறு போட்டாள். "தோத்ததுக்கே மீன் கொழம்பா? கெலிச்சிருந்தா இன்னா போட்டிருப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாம் முறை சோறு வாங்கினாள் அவள்.

அன்றிலிருந்து இருவரில் யார் என்னைத் தூது அனுப்பப் பார்த்தாலும், "பந்து வருது!" என்று கத்திவிடுவேன். என் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது அப்பாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. காது அநேகமாகக் கேட்பதில்லை. நான் போடும் கத்தல் மட்டும் எப்படியோ எட்டும். போன வாரம் அம்மா என் பக்கம் திரும்பி, "உங்கப்பாவ மாத்திர போட்டுக்கச் சொல்லு" என்றாள். அது அவர் காதில் விழுந்திருக்க வாய்ப்பே இல்லை. அம்மா என் பக்கம் திரும்பியதைப் பார்த்தே புரிந்துகொண்டு, "பந்து வருது செல்வி, நீ ஆட்டத்தப் பாரு" என்றார்.

பிறகு நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, காதை அவள் வாயருகே கொண்டுபோய், "ம், சொல்லு" என்றார்.