கியர் பெட்டிக்குப் பூ கேட்ட விவகாரம்

வெள்ளக்கடை,
சேர்வராயன் மலை.
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை விஜயகுமார் அவர்களுக்கு,

உங்கள் மாமனார், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியண்ணன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தையும், மாடும், மிளகுக் கொடியும் சௌக்கியம். நீங்கள் கொடுத்த வண்டி மட்டும் சௌக்கியமில்லை. ஓசூரில் நீங்களும் சசிகலாவும் பேத்திக் கண்ணும் ஒரு குறையுமில்லாமல் இருக்க சேர்வராயன் துணை நிற்கட்டும். உங்கள் புது வண்டியும் நன்றாக இருக்கட்டும். அதற்காவது எண்ணெய் மாற்றினீர்களா என்று நான் கேட்கவில்லை, அந்த விஷயம் பின்னால் வரும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம், அதுவும் ஆபீஸ் விலாசத்துக்கு என்று நினைப்பீர்கள். இந்த ஊட்டில் நான் போனை எடுத்தால் உங்கள் அத்தை அடுப்பங்கரையில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிடுகிறாள். அந்தப் பக்கம் சசிகலா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் தனியாக ஒரு வார்த்தை பேச இந்தக் காலத்தில் தபால்காரரை விட்டால் நாதியில்லை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும்.

சங்கதி இதுதான். கியரே போட வேண்டாத வண்டி, கிளச்சே கிடையாது, அத்தை ஓட்டிப் பழகட்டும் என்று நீங்கள்தான் பெரிய மனசு பண்ணி உங்கள் பழைய காரைக் கொடுத்தீர்கள். அவளுக்குச் சின்ன வயசில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது உங்களுக்குத் தெரியும். கிளச்சை மிதிக்க முடியாதவளுக்கு இந்த வண்டி எப்படி வாய்த்ததென்றால், ஐம்பத்தாறு வயசில் லைசென்ஸ் வாங்கியவள் அப்புறம் ஊட்டில் தங்கவே இல்லை. சந்தைக்கு அவளே, ரேஷனுக்கு அவளே, பக்கத்து ஊட்டு அத்தாயி மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கும் அவளே. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பேன். வளைவு வந்தால் என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும், வாய் தானாக “ஏய், பஸ்ஸு, பஸ்ஸு” என்று கத்தும். ஒருநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, “ஏனுங்க, வண்டிக்குள்ள ஏறினா வாயைத் தொறக்கப்படாதுங்க. இல்லீன்னா நடந்து வாங்க” என்று சொல்லிவிட்டாள். முப்பது வருஷம் எஸ்டேட் ஜீப்பை ஓட்டினவன் மாப்பிள்ளை, நான். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு மலை ஏறி மலை இறங்குகிறேன்.

போன மாசம் அடிவாரத்தில் மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு மேலே வரும்போது பாதி மலையில் வண்டி மக்கர் பண்ணியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எங்கள் பழைய மேனேஜர் மாதிரி சத்தம் மட்டும் போடுகிறது, வேலை நடக்கவில்லை. அப்புறம் திடீரென்று பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு குலுக்கல், மறுபடியும் நின்றுவிட்டது. சாதிக் பாஷாவுக்குப் போன் போட்டோம். ஏற்காட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறாரே, அந்த பாய்தான். அவர் லோடு வண்டி கொண்டுவந்து, அதன் மேல் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் ஷெட்டில் இறக்கினார். கியர் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயைக் குச்சியில் தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார், என் மூக்குக்கு நேராகவும் நீட்டினார். தீய்ந்த வாடை. “ரைட்டர் சார், இந்த எண்ணெயை வண்டி வாங்கின நாள்லருந்து யாரும் மாத்தவே இல்லைங்க” என்றார். நான் உங்களைச் சொல்லவில்லை மாப்பிள்ளை. பாய் சொன்னதைச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். பாய், “பெட்டியை எறக்கிப் பிரிச்சுப் பாக்கோணுங்க. உள்ள பிளேட்டு கருகியிருந்தா மாத்திப் போட்டுரலாம், ஓடும்” என்கிறார். ஓடுமா என்று கேட்டால் “அல்லா காப்பாத்துவான்” என்கிறார். சேலத்துக் கம்பெனி ஒர்க்ஷாப்பிலிருந்து டை கட்டின தம்பி ஒருவர் வந்து, வண்டிக்கு ஒயரை மாட்டி, டி.வி. பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, “நாங்க பிரிக்கறதே இல்லைங்க சார். பெட்டியை அப்படியே தூக்கிட்டுப் புதுசு வைக்கறதுதான்” என்றார். விலையைச் சொன்னார். அத்தை கொண்டுவந்த காப்பியை நான் கையிலேயே வைத்திருந்தேன், ஆறிப்போய்விட்டது. என் பங்காளி தனபால், அடிவாரத்தில் பழைய வண்டி வாங்கி விற்கிறானே, அவன் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, ரெண்டும் வேண்டாம். இதைத் தள்ளிவுடுங்க. எங்கிட்ட ஒரு ஜீப்பு நிக்குது, கல்லு மாதிரி. கையில கியரு, கால்ல கிளச்சு. ஆம்பளை ஓட்டற வண்டி” என்றான்.

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கடைசி வார்த்தை எனக்குத் தேனாக இனித்தது. ராத்திரி சோறு திங்கும்போது பேச்சை எடுத்தேன். “ஜீப்பு வாங்கிட்டா உன்னை எங்க வேணும்னாலும் நானே கூட்டிட்டுப் போறேன் ராணி” என்றேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே, “கூட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன மிளகு மூட்டைங்களா?” என்றாள். ரசமும் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது.

சரி, சண்டை எதற்கு, முனியப்பனிடம் பூ கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். உங்கள் பக்கத்தில் இந்தப் பழக்கம் உண்டோ இல்லையோ, இங்கே பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரைக்கும் பூ கேட்காமல் காரியம் கிடையாது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி முன்னால் போட்டு, மனசுக்குள் கேள்வியை நினைத்துக்கொண்டு, பூசாரியிடம் ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் சரி என்று அர்த்தம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். பூசாரி கற்பூரம் காட்டி, “நெனைச்சுக்கங்க சாமி” என்றார். இரண்டு பேரும் கண்ணை மூடி நினைத்தோம். பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளை! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் உங்கள் அத்தைக்கும் முகமெல்லாம் சிரிப்பு. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ‘சாமி சொன்னதும் இவளும் ஒத்துக்கொண்டாளே, தங்கமான மனுஷி’ என்று மனசு குளிர்ந்து, வழியில் அவளுக்குப் பிடித்த மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். அவள் எனக்குப் பிடித்த வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் வாசலில் இரண்டு பேர். ஜீப் சாவியோடு தனபால், ஸ்பேனர் பெட்டியோடு சாதிக் பாஷா. நான் “வித்துரலாமா?” என்று கேட்டிருக்கிறேன். அவள் “சரி பண்ணிரலாமா?” என்று கேட்டிருக்கிறாள். முனியப்பன் ஒரே பூவில் இரண்டு பேருக்கும் சரி சொல்லிவிட்டார். வந்த இரண்டு பேருக்கும் டீ கொடுத்து அனுப்பிவிட்டுப் பூசாரியிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, “ஒரு பூவுக்கு ஒரு கேள்விதானுங்க. புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொண்ணு கேட்டா சாமி என்ன பண்ணும்? முன்னாடியே பேசிட்டு வரோணுமில்லீங்களா?” என்றார். பேசிக்கொள்ள முடிந்திருந்தால் நாங்கள் எதற்கு அவரிடம் போகிறோம் மாப்பிள்ளை?

இதற்கு நடுவில் எனக்கு இடது கண்ணில் புரை எடுக்கும் ஆபரேஷன் வந்தது. சேலத்தில் முடித்து, தனபால் ஊட்டில் சில நாள் தங்கி, கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். வந்ததிலிருந்து பார்க்கிறேன், வண்டி ஷெட்டில் தார்பாய் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. உங்கள் அத்தை தினமும் அந்தத் தார்பாயை இழுத்து இழுத்துக் கட்டுகிறாள். போன வியாழக்கிழமை அவள் சந்தைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றாள். நான் டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படி உயரம். கால் எடுத்து வைக்க வரவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஏறினார்கள், கண்டக்டர் கத்தினார், இவள் “நீங்க போங்க, நான் அடுத்ததுல வாரேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லி ஒதுங்கிவிட்டாள். அடுத்த பஸ்ஸுக்கும் அதே படிதானே. அவள் திரும்பி நடந்து வந்தபோது நான் டீக்கடைக்குள் ஒளிந்துகொண்டேன். சங்கடம் தாங்கவில்லை.

இருந்தாலும் யோசித்துப் பார்த்தால், சரி பண்ணினால் மறுபடியும் பாதி மலையில் நிற்காதென்று என்ன நிச்சயம்? பாய்க்கே அல்லாதான் கியாரண்டி. தனியாக அவள் வரும்போது மழையிலும் மூடுபனியிலும் நின்றுவிட்டால்? ஆகவே விற்றுவிடுவதே உத்தமம் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். ஜீப்பை நான் ஓட்டுவேன், படியில்லாமல் அவளைக் கைகொடுத்து ஏற்றுவேன். கண் டாக்டர் கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்றார். அது சும்மா சொல்வது. வண்டி இன்னமும் உங்கள் பேரில் இருப்பதால் இத்துடன் வைத்திருக்கும் விற்பனைத் தாளில் உங்கள் கையெழுத்து வேண்டும். தயவுசெய்து சசிகலாவுக்குத் தெரியாமல் போட்டு அனுப்பவும். நான் எடுத்த முடிவு மலை போன்றது, அசையாது.

பேத்திக்கு எங்கள் முத்தம். சசிகலாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். உங்களுக்கு முனியப்பன் எல்லா வளமும் தந்து, கேட்கும்போதெல்லாம் தெளிவான பூவாகக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்,
பெரியண்ணன்

பி.கு.: கடிதத்தை மடித்துக் கொண்டிருக்கும்போதே தனபால் வந்தான். விற்பதற்குப் போட்டோ எடுக்க வேண்டுமென்று தார்பாயைத் தூக்கினான். உள்ளே காலி டீசல் பேரல்கள், மேலே காப்பிச் சாக்கு, முன்னால் பக்கெட்டு ஒன்று. இத்தனை நாளாக நான் காவல் காத்தது பேரல்களை. “ஏனுங்க, வண்டி பாய் ஷெட்டுலங்க. நீங்க கண்ணுக்குப் போயிருந்தப்பவே லோடு வண்டியில ஏத்தி அனுப்பிச்சுட்டேன். சாமிதான் சரின்னு சொல்லிருச்சுல்ல” என்றாள் உங்கள் அத்தை, அடுப்பங்கரையிலிருந்து. நான் பதில் சொல்வதற்குள் வாசலில் ஹாரன். பாய் ஓட்டிக்கொண்டு வந்து சாவியை அவள் கையில் கொடுத்தார். கருகின பிளேட்டுகளை மாற்றி, எண்ணெயும் புதுசாக ஊற்றி, மூன்று தடவை அடிவாரம் வரை போய் வந்து பார்த்தாராம். எண்ணெயை மறுபடி எப்போது மாற்ற வேண்டும் என்பதை அத்தை முதலிலேயே கேட்டுவிட்டாள். நான் உங்களைச் சொல்லவில்லை.

கண்ணைக் காட்ட இப்போது சேலம் போய்க்கொண்டிருக்கிறோம். தனபாலும் பின் சீட்டில்தான் இருக்கிறான். அவன் ஜீப் எங்கள் ஊட்டு வாசலில் ஸ்டார்ட் ஆகவில்லை. இதை மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் அது வளைவு, என் கண்ணில் கோளாறில்லை. வழக்கம்போல வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எதிரே பஸ் வந்தது. வண்டியை ஓரம் ஒதுக்கிக்கொண்டே அவள் சொல்கிறாள்: “எழுதினது போதுங்க. உங்க பக்கம் பள்ளத்துக்கு எவ்வளவு எடம் இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. அதுக்குத்தானே புதுக் கண்ணு வெச்சுருக்குது.”

கையெழுத்து போட்டுவிடாதீர்கள். நான் பார்த்துச் சொல்ல வேண்டும், நிறுத்துகிறேன்.