இடுப்பு வலிக்கு வந்த பாதுகாப்பு

இந்த லீவில் எதையும் தூக்குவதில்லை என்று தீர்மானம் போட்டேன். நானே முன்மொழிந்து, நானே வழிமொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம். காரணம் இருக்கிறது. நான் லீவு போட்டால் போதும், எங்கள் வீட்டு பீரோவுக்குக் கால் முளைத்துவிடும். போன லீவில் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வந்தது. இந்த லீவில் கூடத்திலிருந்து பின்னறைக்குப் போகப் போகிறதாம். முளைக்கிற கால் என்னுடையது.

காலையில் என் மனைவி "என்னங்க" என்று ஆரம்பித்ததுமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சரிந்தேன்.

"என்னாச்சு?"

"பிடிச்சுக்கிச்சு."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கத்தால் தூக்கச் சொல்வாள்.

வழக்கமாக "நடிக்காதீங்க" என்பாள். அன்று "ஐயோ பாவம்" என்றாள். தலையணையைச் சரிசெய்தாள். போர்வை போர்த்தினாள். கல்யாணமானதிலிருந்து என்னைப் பார்த்து மற்றவர்கள் ஐயோ பாவம் என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இவள் சொல்லிக் கேட்டதில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"வீட்டுக்கே ஆள் அனுப்பி நோயாளியப் பாத்துக்கிற நிறுவனம் ஒண்ணு இருக்குங்க. போன் பண்ணிட்டேன். மத்தியானம் வர்றாரு."

"எதுக்கும்மா? படுத்தா சரியாயிடும்."

"இடுப்பு விஷயம். விளையாடக் கூடாது."

வந்தவருக்குக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. குரல் மட்டும் தாலாட்டு. வந்ததும் கை கழுவினார். என்னைத் தொடும் முன் கழுவினார். தொட்ட பின் கழுவினார். அவர் கழுவிய கழுவலில் நான்தான் அழுக்கோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எங்களுக்குத் தரம்தான் முக்கியம், ஐயா" என்றார்.

தரம், தரம் என்று சொல்லியே என்னைத் தரையில் கால்வைக்க விடவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு மாட்டினார். கூடத்து மிதியடியைச் சுருட்டினார், வழுக்குமாம். என் கையில் மஞ்சள் பட்டை ஒன்றைக் கட்டினார். 'விழும் அபாயம் உள்ளவர்' என்று அதில் எழுதியிருந்தது. பாத்ரூம் போகும்போது என் இடுப்பில் பெல்ட் மாட்டி, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வந்தார். ஜன்னல் வழியே பார்த்த எதிர்வீட்டுக்காரர், "என்ன, வாக்கிங்கா?" என்றார். கேட்டது என்னை இல்லை. பெல்ட்டைப் பிடித்திருந்தவரை.

"காப்பி வேணும்" என்றேன்.

"ஆறட்டும் ஐயா. சூடா மேல கொட்டிக்கிட்டா?"

"ஆறிடுச்சு!"

"படுத்துக்கிட்டுக் குடிச்சா புரையேறும்."

"உட்கார்ந்து குடிக்கிறேன்."

"உட்கார்ந்தா இடுப்பு வலிக்குமே, ஐயா."

பாதுகாப்பு என்ற சொல்லில் காப்பு இருக்கிறது. காப்பிதான் இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நல்லாப் பாத்துக்கிறாருல்ல?" என்று கேட்டுவிட்டு, என் காப்பியை அவள் குடித்தாள்.

போர்வைக்குள் புகுந்து நிறுவனத்துக்குப் போன் போட்டேன். கவனிப்பு அதிகம் என்று புகார் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால், "உங்க ஆளு சரியில்ல. கவனிப்பு போதல" என்று மாற்றிச் சொன்னேன்.

அந்தப் புத்திசாலித்தனத்துக்கு மறுநாள் காலையில் பலன் கிடைத்தது. முதல் ஆளைவிடப் பெரிய உடம்போடு இரண்டாவது ஆள் வந்தார். கூடவே கண்ணாடி போட்ட மேற்பார்வையாளர் அம்மா.

"கவனிப்பு போதலன்னீங்களாமே சார்? இனிமே தலைமாட்டுல ஒருத்தர், கால்மாட்டுல ஒருத்தர்."

"அம்மா, அது உயிர் போனப்புறம் நிக்கிற மாதிரி!"

"பயப்படாதீங்க."

"எனக்கு வலியே இல்லீங்க!"

"ரெண்டு பக்கமும்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

"பொய் சொன்னேன்!"

மேற்பார்வையாளர் அம்மா வருத்தத்தோடு தலையாட்டினார். "வலி தாங்க முடியாதவங்க இப்படித்தான் பேசுவாங்க."

எனக்கு வந்ததே ஆத்திரம். தடுப்பைத் தாண்டிக் குதித்தேன். மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தேன்.

"இது போதாது சார்" என்றார் மேற்பார்வையாளர் அம்மா. "கனமா எதையாவது நகர்த்திக் காட்டினாத்தான் நாங்க கிளம்ப முடியும்."

"கனமாவா?" மனைவி மோவாயில் விரலை வைத்து யோசித்தாள். "நம்ம வீட்டுல அப்படி என்ன இருக்கு... அந்த பீரோதான்."

நகர்த்தினேன். உள்ளே அடைத்திருந்த துணிமணியோடு நகர்த்தினேன்.

"ஒரு கை பிடிங்கப்பா!"

"சாமான் தூக்க எங்களுக்கு அனுமதி இல்ல ஐயா" என்றார் முதல் ஆள். "முதுகை வளைக்காதீங்க. முழங்கால மடக்குங்க."

"இன்னும் கொஞ்சம் சுவரோரமா" என்றாள் மனைவி.

பின்னறைச் சுவரில் பீரோவும் நானும் ஒன்றாகச் சாய்ந்தோம். மேற்பார்வையாளர் அம்மா என் கைப்பட்டையைக் கத்தரித்தார். "தேறிட்டீங்க" என்றார்.

"ரொம்ப நன்றிங்க."

"உங்களச் சொல்லல சார், இவரச் சொன்னேன்." முதல் ஆளைக் காட்டினார். "புதுசா சேர்றவங்களுக்கு வீட்டுலதான் கடைசிப் பரீட்சை. முரண்டு பிடிக்கிறவரையும் சமாளிக்கணும், பொய்ப் புகார் கொடுக்கிறவரையும் சமாளிக்கணும். அப்படி ரெண்டு பேருக்கு எங்க போறது? உங்க வீட்டம்மாதான், 'ரெண்டும் எங்க வீட்டுல ஒரே ஆளா இருக்கு'ன்னாங்க."

"அப்போ எனக்கு ஒண்ணுமில்லன்னு முதல்லயே தெரியுமா?"

"தெரிஞ்சுதான் வந்தோம். நிஜ நோயாளிகிட்ட பரீட்சை வைக்கக் கூடாது சார். பாதுகாப்பு விதி."

அடுத்த பரீட்சை தனக்குத்தான் என்பதுபோல இரண்டாவது ஆள் என்னைப் பார்த்துவிட்டுக் கை கழுவக் கிளம்பினார். நான் பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அடுத்த வாரம் இன்னும் நாலு பேருக்குப் பரீட்சை இருக்கும்மா" என்றார் மேற்பார்வையாளர். "அதுக்குள்ள சாருக்கு வேற ஏதாவது வந்தா நல்லாருக்கும்."

"நீங்க தைரியமா கூட்டிட்டு வாங்க" என்றாள் என் மனைவி. "அடுத்த வாரம் அவருக்கு முழங்கால் வலி வரும்."