நடந்து முடிந்ததை முன்னறிவிப்பவர்

‘வரப்போகும் ஆபத்தை முன்னறிந்து சபையை எச்சரிக்கும் ஜாமக்காவலர்.’ பாம்பன் ஜெபவீட்டு உபதேசியார் ஏசுவடியானை அவருடைய நியமனப் பத்திரம் இப்படித்தான் வர்ணிக்கிறது. எழுதியவர் அவரைப் பார்த்ததில்லை என்பது தெளிவு. எங்கள் உபதேசியார் எந்த ஆபத்தையும் வருமுன் சொன்னதே கிடையாது. அது வந்து, இருந்து, சாப்பிட்டுப் போன பிறகு, அது வரும் என்று எழுதியிருந்த இடத்தை விரல் வைத்துக் காட்டுவார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இது ஒரு தனி இனம். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எபிரெய தேசத்தில் எந்தக் காலத்திலோ ஒருவர், பகைவர் துரத்த, குகையில் பதுங்கி, நரம்பு வாத்தியத்தை மீட்டியபடி தம் வயிற்றெரிச்சலைப் பாட்டாகக் கொட்டினார்; வேதப்புத்தகத்தில் அதற்குச் சங்கீதம் என்று பேர். பல நூற்றாண்டு கழித்து, கிறிஸ்து பட்ட பாடுகளைக் கண்டவர்கள் அந்தப் பாட்டைத் திறந்து, குத்தப்பட்ட கைகளும் சீட்டுப்போட்டுப் பங்கிட்ட உடையும் அதில் முன்பே இருக்கக் கண்டு திகைத்தார்கள். திகைப்பில் நியாயம் உண்டு. திருச்சபை அதோடு நிறுத்திக்கொண்டது. உபதேசியார் நிறுத்தவில்லை.

சிலோனுக்குப் புறப்பட்டவரை மண்டபம் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் மருந்தடித்துத் திருப்பி அனுப்பினால் அதற்கு ஒரு சங்கீதம், கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்தால் விளக்கு வருகிற ஒரு சங்கீதம், கப்பலுக்கு வழிவிட ரயில் பாலம் இரண்டாகப் பிளந்து எழும்போதெல்லாம், “கதவுகளைத் தலை நிமிரச் சொல்லிப் பாடியிருக்காரே தாவீது ராஜா, எந்தக் கதவைன்னு நெனச்சீக?” என்று ஒரு கேள்வி. இறந்தகாலத்தில் பாடியதை எதிர்காலமாக வாசிப்பார். எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

வல்லம் என்னும் பாய்ப்படகு வைத்திருந்த ஹமீது சுல்தான் மட்டும் விடமாட்டார்.

“தாவூது நபி எங்களுக்கும் நபிதான், உபதேசியாரே. அவுக பாட்டுப் பாடுனாக, சரி. ரயில் பாலத்துக்குப் பிளான் போட்டாகன்னு எங்க பள்ளிவாசல் லெப்பை சொல்லலையே?”

“கப்பல் வாரப்ப உங்க லெப்பை தூங்கியிருப்பாரு.”

சோதனை ஒரு வாடைக்காலத்தில் வந்தது. வலைக்குப் போன மாசிலாமணி திரும்பவில்லை. ஹமீது சுல்தான் தேடிப் போக வல்லத்தை இறக்கினார். அவருடைய தம்பி பாக்கர், பாய்மரக் கயிற்றைப் பிடிக்க வந்தான். உள்ளே ஏறும் தண்ணீரை இறைக்க இன்னும் ஓர் ஆள் வேண்டும். கரையில் நின்ற ஆண்கள் எல்லாரும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்கள்போல வானத்தைப் பார்த்தார்கள். பாலத்தில் ரயில் போகும்போதே தலைசுற்றிக் கண்ணை மூடிக்கொள்ளும் உபதேசியார், புத்தகமும் கையுமாகக் கூட்டத்தின் பின்னால் நின்றார். மாசிலாமணியின் மனைவி ஞானப்பூ கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள்.

“பாலம் தூக்குறது எழுதியிருக்குன்னீக. மண்ணெண்ணெய் தீந்தது எழுதியிருக்குன்னீக. எங்க வீட்டுக்காரரு வருவாரா மாட்டாரா? அது எங்கன எழுதியிருக்கு? வாசிங்க.”

உபதேசியார் புரட்டினார். கடலில் தத்தளித்தவர்கள் துறைமுகம் சேரும் பாட்டு ஒன்று இருந்தது. அலைகள் ஒருவனை மூடிவிடும் பாட்டும் இருந்தது. இரண்டில் எது தீர்க்கதரிசனம்? மாசிலாமணி வந்தால் முன்னது, வராவிட்டால் பின்னது. அவருடைய சாஸ்திரத்துக்கு முதலில் சம்பவம் வேண்டும். சம்பவமோ இன்னும் கடலில் கிடந்தது.

கடைசியில், கைவிடப்பட்ட ஒருவன் ஏன் என்று கேட்கும் பாட்டில் வந்து நின்றார். சிலுவையைப் பற்றி அவர் நூறு பிரசங்கம் செய்த பாட்டு அது.

“இது யாரோ அழுத அழுகைம்மா,” என்றார். “வேற ஒண்ணும் எனக்குத் தெரியலை.”

“அழுகை எனக்கே இருக்கு,” என்றாள் ஞானப்பூ.

அன்று மாலை, குருசடைத் தீவின் மணலில் உடைந்த வல்லத்தோடு கிடந்த மாசிலாமணியை உயிரோடு கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு நிரம்பி வழிந்தது. குருசு, அதாவது சிலுவை, என்கிற பேரைத் தாங்கிய தீவில் அவன் பிழைப்பான் என்பது எந்தெந்தப் பாட்டில் எப்படி எப்படி மறைந்திருந்தது என்று உபதேசியார் வியர்க்க வியர்க்க விளக்கினார். வெளியே ஜன்னலோரம் நின்ற ஹமீது சுல்தான், “யா அல்லா, இந்த மனுசன் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லமாட்டேங்கிறாரே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். முன்வரிசையில் ஞானப்பூ ஒவ்வொரு வசனத்துக்கும் உரக்க ஆமென் போட்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மருமகன் குடித்துவிட்டு வந்த அன்று, “கல்யாணப் பந்தல்லயே எனக்குத் தெரியும்” என்றவர் யார்? தேர்தல் முடிந்த மறுநாள் தேர்தல் முடிவைச் சொன்னவர் யார்? உபதேசியாராவது புத்தகம் வைத்திருந்தார். உங்களிடம் அதுவும் இல்லை.

அவர் பிரசங்கத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று புத்தகத்தை ஞானப்பூவின் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஹமீது சுல்தானின் வல்லத்தில் ஏறினார். குருசடை போய்ச் சேரும்வரை வாந்தி எடுத்தார். வாந்திக்கு நடுவே தண்ணீர் இறைத்தார்.