ஆட்டுக்கும் வாழை நோய்

ஆழ்வார்திருநகரி

அன்புள்ள மருமகன் எஸ்றாவுக்கு, மாமா அருமைநாயகம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அத்தை ஜெபராணியும் சுகம். பெங்களூரில் நீயும் சுகமாயிருக்க அன்றாடம் ஜெபிக்கிறோம். இன்றைக்கு மட்டும் கொஞ்சம் கோபத்தோடு ஜெபித்தேன். காரணம், நீ அனுப்பிய சோதனைப் பெட்டி. இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்குப் போனில் அவசியம் வாசித்துக் காட்டு. என் மகன் விஞ்ஞானி என்று பேட்டை முழுக்கச் சொல்லித் திரிகிற என் அக்காவுக்கும் சங்கதி தெரியட்டும்.

நம் தோப்பில் ஒரு வாழை குருத்துச் சுருங்கி நிற்கிறது, முடிக்கொத்து நோயாக இருக்குமோ என்று கேட்டேன் அல்லவா? நோய் என்றால் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் படைக்கிறேன் என்று உன் அத்தை கர்த்தருக்குப் பொருத்தனை செய்த தார் அதற்கு அடுத்த வாழையில்தான் முற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் ஆசையும் பயமுமாகப் பெட்டியைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் விஞ்ஞானம் நடத்தியும் ஒரு மரபணுவை நேரில் சந்தித்ததில்லை. கல்லுப்புப் போலக் காய்ந்து கிடந்த உன் ஜெல், இலைச் சாற்றைச் சொட்டியதும் உப்பி நுங்கு மாதிரி ஆகிவிட்டது. அது மரபணுவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், சோதனையைக் கெடுக்கிற கசடெல்லாம் கழுவும்போது போய்விடும் என்று எழுதியிருந்தாய். அதற்கு எப்படியடா ஆள் அடையாளம் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் காப்பி ஆறிப்போனது. ஜெல்லைச் சுத்தமான இடத்தில் வைக்கச் சொன்னாய். புதிதாக அறுத்த வாழையிலையைவிடச் சுத்தமான இடம் நம் வீட்டில் ஏது? புறவாசல் வாழையில் ஓர் இலை அறுத்து, நறுக்கி, துண்டுக்கு ஒரு ஜெல்லாக வைத்தேன். பிறகு கழுவி, உன் சின்னச் சூட்டுக் கருவியில் வைத்து, சோதனைப் பட்டையைச் செருகினால் இரண்டு கோடு. கொரோனாவுக்குப் பார்த்த மாதிரியேதான், இரண்டு என்றால் நோய். தோப்பில் வேறொரு வாழைக்கும் இரண்டு. பொருத்தனை வாழைக்கும் இரண்டு.

சந்தேகப்பட்டு முருங்கையிலையை வைத்தேன். இரண்டு கோடு. தோப்பு வேலைக்கு வரும் முப்பிடாதியின் ஆடு சும்மா நின்றது, அதன் எச்சிலை எடுத்தேன். அதற்கும் இரண்டு. "சார், அப்பம் என் ஆட்டையும் தோண்டிப் பொதைக்கணுமா?" என்று அவன் மம்மட்டியோடு நிற்கிறான். கடைசியில் அடுக்களைக்குப் போய் உன் அத்தையை வாயைத் திறக்கச் சொன்னேன். அவளுக்கும் இரண்டு. "ஊர்ல எவனாவது பொண்டாட்டிக்கு வாழ நோவுன்னு சொல்லுதானா? கர்த்தருக்குன்னு சொன்ன தாரு, அதுல கைய வச்சியன்னா பாத்துக்கிடுங்க" என்கிறாள். உன் ஜெல்லை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. நிஜமாகவே நோய் என்றால் பக்கத்துத் தோப்புப் பட்டாபி ஐயங்கார் வாழையும் சேர்ந்து போகும். நாளைக் காலையில் தோண்டச் சொல்லியிருக்கிறேன். மனசு கேட்கவே இல்லை.

கர்த்தர் உனக்கு ஞானத்தையும், உன் ஜெல்லுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலான ஞானத்தையும் தந்து ஆசீர்வதிப்பாராக. அத்தையின் அன்பும் முறைப்பும் இத்துடன்.

உன் மாமா,
அருமைநாயகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சாப்பிட உட்கார்ந்தேன். ஜெபராணி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். நறுக்கிய ஓரத்தில் பால் கசிந்திருந்தது. துண்டு இலையில் வைத்த ஜெல்லும் இந்தப் பாலைத்தானே குடித்திருக்கும்? அட, நான் ஆட்டையா சோதித்தேன்? இலையை அல்லவா திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறேன்! சோற்றை விட்டு எழுந்து, எல்லாவற்றையும் எவர்சில்வர் தட்டில் வைத்து மறுபடி பார்த்தேன். ஆடு சுகம். அத்தை சுகம். குருத்துச் சுருங்கிய வாழைக்கும் இந்த நோய் இல்லை. பொருத்தனை வாழைக்கு ஒரே கோடு என்றதும் ஜெபராணி அழுதுவிட்டாள், எனக்கும் கண் கலங்கியது. உன் ஜெல் யோக்கியமானது. இரண்டு கோடு விழுந்தது பச்சைப்பசேலென்று நிற்கிற புறவாசல் வாழைக்கு மட்டும். அது பேட்டையிலிருந்து உன் அம்மா கொடுத்த கன்று. என் வாழைபோல் வராது என்று அவள் சபையில் வீட்டுக்கு வீடு கன்று கொடுத்திருக்கிறாள். ஜெல் நிறைய அனுப்பு. இந்தக் கடிதத்தை மட்டும் அவளுக்கு வாசித்துவிடாதே. சங்கதியை நீயே பையச் சொல்லு. நீ அவள் பெற்ற பிள்ளை, உன்னை மன்னிப்பாள். நான் வெறும் தம்பிதானே.